கறுப்பா மின்னுவதெல்லாம் புது டயர் இல்லை

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், வாட்டர் வாஷ் கடை நடத்தும் குழுவின் உறுப்பினர் ஒருவர் பேசியது. ஆயுத பூஜைக்கு முன் எல்லா ஊர் குழுக்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



டயர் பாலிஷ் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. "இது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று யாராவது நினைச்சா, வெளியே புங்க மரத்தடியில நிக்கிற வண்டிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்க. இந்தக் கூட்டத்துக்கு பஸ்ஸில் வந்தவங்க பாதிப் பேர். மீதிப் பேர் எக்ஸெல், ஸ்கூட்டி, சைக்கிள்னு சொந்த வண்டியில வந்தவங்க. நடவுக்குப் போறது வண்டியில. சொசைட்டிக்குப் பால் கொண்டு போறது வண்டியில. கும்பகோணம், பட்டுக்கோட்டை சந்தைக்குக் கீரைக்கட்டு போறதும் வண்டியிலதான். வண்டி நம்மது என்றால் டயரும் நம்ம சமாச்சாரம்தான்.

இந்த இடத்துக்கு நாம சும்மா வந்துடலை. 1990-களின் தொடக்கத்தில் பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் இயக்கத்தில் சைக்கிளையும் சேர்த்தாங்க. அன்னைக்கு ஊரே வேடிக்கை பார்த்துச்சு. இன்னைக்கு ஒரு பெண் வண்டி ஓட்டிக்கிட்டுப் போனா யாரும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. 2018-ல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரு சக்கர வண்டி வாங்க மானியம் கொடுத்தது. விலையில பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். நம்ம உறுப்பினர்கள் சிலர் அதுல வாங்கின வண்டியை இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்காங்க. அந்த வண்டிகளைப் பத்திப் பின்னால ஒரு முக்கியமான விஷயம் சொல்லப் போறேன்.

டயர் ஏன் கறுப்பு? ஏன் வெளுக்குது?

ரப்பர் பால் வெள்ளை நிறம் என்பது உங்களுக்குத் தெரியும். நூறு வருஷத்துக்கும் முன்னால டயரும் வெளுப்பாகத்தான் இருந்தது. 1910-களில்தான் அதில் கார்பன் பிளாக் என்கிற கரித்தூளைச் சேர்க்க ஆரம்பிச்சாங்க. அழகுக்காகச் சேர்க்கலை. அந்தக் கரித்தூள் சேர்ந்தா டயர் சீக்கிரம் தேயாது. வெயிலையும் தாங்கும். அப்படி வந்ததுதான் டயரோட கறுப்பு.

அப்புறம் ஏன் பழைய டயர் சாம்பல் நிறமாவோ, செம்பழுப்பாவோ தெரியுது? இரண்டு காரணம். முதல் காரணம் புழுதி, சேறு, வெயில். நம்ம வண்டல் மண் சேறு காய்ஞ்சா டயர்ல திருநீறு பூசின மாதிரி படியும். இரண்டாவது காரணம் டயருக்குள்ளேயே இருக்கு. வெயிலிலும் காத்திலும் ரப்பர் வெடிக்காமல் இருக்க, செய்யும்போதே மெழுகும் சில மருந்துகளும் கலக்கிறாங்க. வண்டி ஓட ஓட டயர் வளைஞ்சு நிமிரும். அப்போ அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமா மேலே வந்து தோலைக் காப்பாத்தும். அது காத்துப் பட்டுப் பழுப்பாகிறது. அதனால டயர் பழுப்பா இருந்தா கெட்டுப்போச்சு என்று பயப்படாதீங்க. சோப்புப் போட்டுத் தேய்ச்சாப் போயிடும். ஓட்டாமலே மாசக்கணக்கில் வெயிலில் நிறுத்தி வச்ச வண்டியில அந்த மருந்து சரியா மேலே வராது. அதனாலதான் ஓடுற வண்டியை விட நிக்கிற வண்டி டயர் சீக்கிரம் வெடிப்பு விடுது.

பாலிஷில் இரண்டு வகை

கடையில கேட்டா பத்துப் பேர் சொல்லி பத்து டப்பா காட்டுவாங்க. உள்ளே பார்த்தா பெரும்பாலும் இரண்டே வகைதான்.

ஒண்ணு, தண்ணியில் கலந்த வகை. பார்க்கப் பால் மாதிரி வெள்ளையா இருக்கும். சிலிக்கான் எண்ணெயைத் தண்ணியோட கலந்து செஞ்சது. போட்டதும் வெள்ளையாத் தெரியும், காய்ஞ்சதும் நிறம் மறைஞ்சுடும். டயர் புதுசுல எப்படி அடக்கமான கறுப்பா இருந்ததோ அப்படி இருக்கும். ரொம்ப மினுமினுப்பு வராது. கையில பிசுபிசுன்னு ஒட்டாது. தீப்பிடிக்காது. ஆனா இரண்டு மழை பெய்ஞ்சாக் கரைஞ்சுடும்.

இன்னொண்ணு, பெட்ரோலிய எண்ணெயில் கரைச்ச வகை. தெளிவா இருக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும். கண்ணாடி மாதிரி பளபளக்கும். கூடுதல் நாள் நிக்கும். ஆனா ஈரமாவே இருக்கிறதால புழுதி அத்தனையும் வந்து ஒட்டும். மண் ரோட்டுல ஒரு தடவை போய் வந்தா டயர்ல மாவு பூசின மாதிரி ஆயிடும். வண்டி ஓடும்போது சொட்டாத் தெறிச்சு சேலையில பட்டா கறை போகாது. தீப்பிடிக்கும் பொருள் வேற. இதை அடிக்கடி போட்டா டயர் மேலே வந்த காப்பு மருந்தும் சேர்ந்து போயிடும்.

நம்ம ஊருக்கு, நம்ம ரோட்டுக்கு, முதல் வகைதான் ஏத்தது என்பது என் அனுபவம். டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. "தீயிலிருந்து தள்ளி வைக்கவும்" என்று போட்டு நெருப்புப் படம் இருந்தா அது இரண்டாவது வகை.

கடைக்குப் போக வேண்டாம், வீட்டுலயே இருக்கேன்னு சிலர் மண்ணெண்ணெய், டீசல், பழைய எஞ்சின் ஆயில் இதையெல்லாம் துணியில தொட்டுத் துடைக்கிறாங்க. தயவு செய்து வேண்டாம். இவை ரப்பரை ஊற வச்சு உப்ப வைக்கும், பலம் போகும். அன்னைக்குப் பார்க்க நல்லாத்தான் இருக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நாலு நாள்ல சிக்குப் பிடிச்சு மண்ணை இழுத்து வச்சுக்கும். எதுவும் இல்லாட்டா சோப்புத் தண்ணியில நல்லாத் தேய்ச்சுக் கழுவி நிழலில் காய வைங்க. அதுவே பாதிப் புதுசு. பாலிஷ் இல்லை என்பதால் எந்த டயரும் கெட்டதில்லை.

போடும் முறை

எங்கள் கடையில் செய்வதை வரிசையாச் சொல்றேன். வீட்டுலயும் இதையே செய்யலாம்.

1. வண்டியை நிழலில் நிறுத்துங்க. ஓட்டி வந்த உடனே போடாதீங்க. டயர் ஆறணும். சூட்டுல போட்டா திட்டுத் திட்டாக் காயும்.

2. முதல்ல சேத்தைத் தண்ணி அடிச்சு ஊற வைங்க. அப்புறம் சோப்புத் தண்ணியும் துணி துவைக்கிற பிரஷும் வச்சுத் தேயுங்க. நுரை பழுப்பா வரும். வெள்ளை நுரை வர்ற வரைக்கும் தேய்க்கணும். அழுக்கு மேலேயே பாலிஷ் போட்டா இரண்டு நாள் கூட நிக்காது. வாய்க்கால்ல இறக்கிக் கழுவுற பழக்கம் வேண்டாம். கிரீஸும் ஆயிலும் ஆடு மாடு குடிக்கிற தண்ணியில போய்ச் சேரும்.

3. துணியால துடைச்சு முழுசாக் காய விடுங்க. எழுத்துப் பள்ளத்துல கூட ஈரம் இருக்கக் கூடாது. ஈரத்துல பாலிஷ் பிடிக்காது.

4. டயர் மேல நேரா ஊத்தாதீங்க, அடிக்காதீங்க. பழைய ஸ்பாஞ்சுத் துண்டுல கொஞ்சமாத் தொட்டு, டயரோட பக்கவாட்டுல மட்டும் வட்டமாத் தடவுங்க. மெலிசாப் போதும். ஒரு மொபெட்டோட இரண்டு டயருக்கும் சேர்த்து 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன், தாராளம்.

5. பத்துப் பதினைஞ்சு நிமிஷம் விடுங்க. பிறகு உலர்ந்த துணியால ஒருதரம் துடைச்சு, மிச்சம் இருக்கிறதை எடுத்துடுங்க. இந்தத் துடைப்பைத்தான் நிறையப் பேர் செய்யறதில்லை. தெறிக்கிறதும் புழுதி ஒட்டுறதும் அதனாலதான்.

6. அரை மணி நேரம் கழிச்சு வண்டியை எடுங்க. முதல் கொஞ்ச தூரம் மெதுவாப் போங்க.

எங்கே போடக் கூடாது

இதைக் கவனமாக் கேளுங்க. ரோட்டைத் தொடுற பாகத்துல, நாம பட்டன்னு சொல்ற அந்தப் பூப்போட்ட பாகத்துல, ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. பாலிஷ் என்பது வழுக்கும் பொருள். காருக்கு நாலு சக்கரம், ஒண்ணு வழுக்கினாலும் மூணு பிடிச்சுக்கும். நம்ம வண்டிக்கு இரண்டே சக்கரம். அதிலும் வளைவுல வண்டி சாயும்போது டயரோட ஓரம் ரோட்டைத் தொடும். அதனால இரு சக்கர வண்டிக்குப் பட்டன் ஓரத்துல இருந்து இரண்டு விரல் கீழே தள்ளித்தான் தடவணும். மெலிசான டயர்ல இரண்டு விரல் இடம் இல்லைன்னா பாலிஷே வேண்டாம், சோப்புக் கழுவல் போதும்.

பிரேக் டிஸ்க், டிரம் பக்கம் ஸ்பிரே அடிக்கவே கூடாது. டிஸ்க்ல பட்டுடுச்சுன்னா ஓட்டாம, மெக்கானிக்கை வச்சுச் சுத்தம் பண்ணிட்டுத்தான் எடுக்கணும். சைக்கிளுக்கு பிரேக் கட்டை பிடிக்கிறதே ரிம்லதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பூஜைக்கு சைக்கிளை மினுக்கும்போது ரிம்மையும் சேர்த்துத் தடவிடுவாங்க. பக்கத்துல இருந்து பாருங்க. சீட்டு, கால் வைக்கிற இடம், கைப்பிடி, இங்கெல்லாம் தடவினா வழுக்கி விழ வேண்டியதுதான்.

டிராக்டர், டயர் மிஷின் வச்சிருக்கிற குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த டயருக்கு பாலிஷ் தேவையே இல்லை. அறுப்பு முடிஞ்சதும் சேத்தைக் கழுவி, காத்து சரியா வச்சு, நிழலில் நிறுத்துங்க. அது போதும்.

பாலிஷுக்கு உள்ளே என்ன இருக்கு?

இப்போ நான் பேச வந்த விஷயத்துக்கு வர்றேன். பாலிஷ் டயரைப் புதுசாக் காட்டும். புதுசா ஆக்காது. வயசானவங்க தலைக்கு மை பூசினா நரை மறையும், முழங்கால் வலி மறையுமா?

வழக்கம் எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. ஆயுத பூஜை புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வரும். வண்டியைக் கழுவி, டயரை மினுக்கி, சந்தனம் குங்குமம் வச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் நசுக்கி எடுக்கிறோம். அது முடிஞ்ச கையோட வடகிழக்குப் பருவமழை வந்துடும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம டெல்டா ரோடு எப்படி இருக்கும்? ஒரு பக்கம் கல்லணைக் கால்வாயோ, வடவாறோ, வெண்ணாறோ. இன்னொரு பக்கம் தண்ணி நிக்கிற வயல். நடுவுல சேறு பூசின ரோடு. பல இடத்துல கரைக்குத் தடுப்பும் கிடையாது. அந்த மழை வர்றதுக்கு முன்னால வண்டியை உட்கார்ந்து, குனிஞ்சு, டயரைக் கையால தொட்டுப் பார்க்கிற ஒரே நாள் பூஜைக்குக் கழுவுற நாள்தான். அன்னைக்குப் பார்க்காம மேலே கறுப்பைப் பூசிட்டா, அடுத்த வருஷம்தான் பார்ப்போம்.

அதனால பாலிஷ் டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னால நாலு விஷயம் பாருங்க.

முதல்ல பட்டன். பட்டன் பள்ளத்துக்குள்ள அங்கங்கே சின்ன மேடு இருக்கும். அது எங்கே இருக்குன்னு காட்ட, டயர் பக்கவாட்டுல சின்ன முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற மூணு இங்கிலீஷ் எழுத்தோ போட்டிருப்பாங்க. பட்டன் தேய்ஞ்சு அந்த மேட்டோட சமமா வந்துடுச்சுன்னா டயர் ஆயுசு முடிஞ்சுது. பள்ளம் எதுக்குன்னா, மழைத் தண்ணியை ஒதுக்கித் தள்ளறதுக்கு. பள்ளம் இல்லாத டயர் ஈர ரோட்டுல தண்ணி மேல மிதந்து போகும், பிரேக் பிடிச்சாலும் நிக்காது.

இரண்டாவது வெடிப்பு. பக்கவாட்டைக் கட்டைவிரலால அழுத்தி, கோடு கோடா வெடிப்பு தெரியுதான்னு பாருங்க. கோடை வயல் மாதிரி வெடிச்சிருந்தா அந்த டயர் மேல பாலிஷ் போடறது வீண்.

மூணாவது வீக்கம். எங்கேயாவது கொப்புளம் மாதிரி புடைச்சிருந்தா உள்ளே நூல் அறுந்திருக்கு என்று அர்த்தம். அதுல ஒரு நாள் கூட ஓட்டக் கூடாது.

நாலாவது வயசு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் தனியாப் பதிச்சிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு இலக்கம் வருஷம். 2419 என்று இருந்தா 2019-ஆம் வருஷம் 24-வது வாரம் செஞ்சது. அதாவது ஜூன் 12, மேட்டூர் திறப்பாங்களான்னு நாம காத்துக்கிட்டு இருக்கிற வாரம். அந்த வருஷம் தண்ணி ஆகஸ்டுலதான் திறந்தாங்க, ஆனா டயர் ஜூன்லயே பொறந்துடுச்சு! சில டயர்ல இந்த நம்பர் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், உள்பக்கமும் குனிஞ்சு தேடுங்க. அஞ்சு வருஷம் ஆன டயரை வருஷா வருஷம் மெக்கானிக்கிட்ட காட்டணும். பத்து வருஷம் ஆனா பட்டன் நல்லா இருந்தாலும் மாத்திடணும் என்று டயர் கம்பெனிகளே சொல்லுது. 2018-ல் மானியத்தில் வாங்கின வண்டி வச்சிருக்கிறவங்க, இன்னும் அதே டயர்தான் ஓடுதுன்னா, இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்க.

பழைய வண்டி வாங்கும்போது

நம்ம குழுக்கள்ல உள்கடன், வங்கிக் கடன் எடுத்து வண்டி வாங்கறவங்க நிறைய. புது வண்டி விலைக்கு எட்டாததால பழசு வாங்கறோம். தப்பில்லை. ஆனா பழைய வண்டி விக்கிற இடத்துல முதல்ல செய்யற வேலை என்னன்னு நினைக்கிறீங்க? தண்ணி அடிச்சு, டயருக்குக் கறுப்புப் பூசறதுதான். நாங்க வாட்டர் வாஷ் கடை வச்சிருக்கோம், எங்களுக்குத் தெரியும். விக்கப் போற வண்டின்னா "டயர் நல்லா மினுங்கணும்"னு சொல்லித்தான் கொண்டு வருவாங்க.

பக்கத்து ஊராட்சியில ஒரு சகோதரிக்கு நடந்ததைச் சொல்றேன். குழுக் கடன் வாங்கி, மீன் வியாபாரத்துக்குப் பழைய மொபெட் ஒண்ணு எடுத்தாங்க. டயர் கன்னங்கறேல்னு இருந்துச்சு. "டயரே புதுசுதாங்க" என்று சொல்லித்தான் கொடுத்திருக்காங்க. மூணு வாரத்துல மழை பிடிச்சுது. பூச்சு கரைஞ்சதும் பின் டயர் முழுக்க வெடிப்பு. டயரை மாத்தணும்னு பணம் சேர்த்துக்கிட்டு இருக்கும்போதே, கரை ரோட்டுல மீன் பெட்டியோட சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. இரண்டு மாசம் வியாபாரம் இல்லை. தவணை நிக்குமா? நிக்காது. குழுவுல மத்தவங்க சேர்ந்துதான் கட்டினாங்க. ஒரு டயர் பூச்சு பன்னிரண்டு குடும்பத்தைத் தொட்டுடுச்சு.

அதனால பழைய வண்டி பார்க்கப் போகும்போது கைப்பையில ஒரு ஈரத்துணியும் துண்டு சோப்பும் வச்சுக்கிட்டுப் போங்க. விக்கிறவர் முன்னாலயே டயர் பக்கவாட்டை ஒரு சாண் அளவுக்குச் சோப்புப் போட்டு அழுத்தித் துடையுங்க. பூச்சு போனதும் வெடிப்பு இருக்கா, நாலு இலக்கம் என்னன்னு பாருங்க. "எதுக்கும்மா துடைக்கிறீங்க?" என்று கேட்டா, "குழுவுல காட்டணும் தம்பி, நம்பர் எழுதணும்" என்று சொல்லுங்க. நல்ல டயர் வச்சிருக்கிறவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்.

இன்னொரு ஏமாத்தும் இருக்கு. தேய்ஞ்ச டயர்ல சூட்டுக் கத்தியால புதுசாப் பள்ளம் கீறி, மேலே கறுப்பு அடிச்சு விக்கிறாங்க. பள்ளம் ஆழமாத் தெரியும். ஆனா அடியில மிச்சம் இருந்த ரப்பரையும் சுரண்டிட்டதால உள்ளே நூல் வரைக்கும் மெலிசாயிடும். எப்படிக் கண்டுபிடிக்கிறது? கம்பெனியில வார்த்த பள்ளம் ஒரே சீரா இருக்கும், உள்ளே அந்தச் சின்ன மேடும் இருக்கும். கையால கீறினது கோணல்மாணலா இருக்கும், மேடு இருக்காது. முறையா பட்டறையில ரீட்ரெட் பண்றது வேற. அது லாரி, பஸ் டயருக்குப் புது ரப்பர் ஒட்டி வேக வைக்கிறது. எம்.ஆர்.எஃப். கம்பெனியே 1946-ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைங்க பலூன் செஞ்சு ஆரம்பிச்சு, 1952-ல் ரீட்ரெட் ரப்பர் செய்ய இறங்கித்தான் பிறகு டயருக்கு வந்தது. சின்னத் தொழிலை யாரும் சின்னதா நினைக்க வேண்டாம் என்பதுக்கும் இது ஒரு பாடம்.

தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு

பினாயில், சோப் ஆயில் செய்யற குழுக்கள் டயர் பாலிஷும் செய்யலாமான்னு கேட்கறீங்க. தண்ணியில் கலக்கும் வகையைச் செய்யலாம். சிலிக்கான் எமல்ஷன் என்று கெமிக்கல் கடையில கேனாக் கிடைக்கும். அதோட பலம் கடைக்குக் கடை மாறும். எவ்வளவு தண்ணி சேர்க்கணும்னு விக்கிறவர்கிட்ட எழுதி வாங்குங்க. முதல்ல கொஞ்சமாக் கலந்து, ஒரு பழைய டயர்ல போட்டு ஒரு வாரம் பாருங்க. போர் தண்ணி உப்பா இருந்தா வெள்ளைத் திட்டு விழும், சுத்திகரிச்ச தண்ணி சேருங்க. பெட்ரோல் வாடை அடிக்கும் வகையை வீட்டுல செய்யவே கூடாது. அடுப்பு எரியிற வீடு அது.

கணக்கு இப்படிப் போடுங்க. வண்டிக்கு 10 மில்லின்னா 500 மில்லி பாட்டில் 50 வண்டிக்கு வரும். சிந்தினது, வீணானது கழிச்சு 40 வண்டின்னு வைங்க. பாட்டில் விலையை 40-ஆல் வகுத்தா வண்டிக்கு எவ்வளவு செலவுன்னு தெரியும். அது மேல தண்ணி, சோப்பு, கரண்டு, நம்ம கூலி. கூலியை விட்டுட்டு லாபம்னு சொல்லிக்கிற பழக்கம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பாலிஷ் பால் மாதிரி இருக்கும். கூல் டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. குழந்தை எடுத்துக் குடிச்சுடும். தனி பாட்டில், பெரிய எழுத்துல சீட்டு, மூடி இறுக்கம், உயரமான இடம். பெட்ரோல் வாடை உள்ள வகையைத் தெரியாம யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள்ள போயிடும். உடனே 108-க்குப் போன் பண்ணுங்க, டப்பாவையும் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க.

எங்க கடையில ஒரு பழக்கம் வச்சிருக்கோம். மொழுக்கையா தேய்ஞ்ச டயர் வந்தா முதல்ல வண்டிக்காரரைக் கூப்பிட்டு, அந்த மேட்டைத் தொட்டுக் காட்டுவோம். "பாலிஷ் காசு வேண்டாங்க, அதையும் டயர் மாத்தற பணத்தோட சேருங்க" என்று சொல்லுவோம். சிலர் முகம் சுளிப்பாங்க, வேற கடைக்குப் போவாங்க. ஆனா "அந்தப் பொம்பளைங்க கடையில சொன்னாச் சரியா இருக்கும்"னு திரும்ப வர்றவங்கதான் அதிகம். நாணயம்தான் நம்ம முதல், அதுக்கு வட்டியும் கிடையாது.

ஒரு தீர்மானம்

சகோதரிகளே, கடைசியா ஒரு வேண்டுகோள். வண்டிக்கென்று கடன் கேட்டு மனு வந்தா, கடன் கொடுக்கிறதுக்கு முன்னால குழுவுல இரண்டு பேர் போய் அந்த வண்டியோட டயரை ஈரத்துணியால துடைச்சுப் பார்க்கணும். முன் டயர் நாலு இலக்கம், பின் டயர் நாலு இலக்கம், பட்டன் இருக்கா, வெடிப்பு இருக்கா, இதைத் தீர்மான நோட்டுல எழுதணும். டயர் மாத்த வேண்டியிருந்தா அந்தத் தொகையையும் கடனோட சேர்த்துக் கேட்கட்டும், இல்லைன்னா விலையில குறைக்கச் சொல்லிப் பேசட்டும். இதை நம்ம கூட்டமைப்போட எல்லாக் குழுக்களும் தீர்மானமாப் போடணும்னு கேட்டுக்கறேன்.

இந்த வருஷம் பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது பிள்ளைங்களையும் கூட உட்கார வச்சு, அந்த நாலு இலக்கத்தைப் படிக்கச் சொல்லுங்க. டயர் நல்லா இருந்தா சந்தோஷமா மெலிசா பாலிஷ் போட்டு, துடைச்சு, சந்தனப் பொட்டு வைங்க. நல்லா இல்லைன்னா பாலிஷ் டப்பாவை மூடி வச்சுட்டு, டயர் கடைக்கு வழி கேளுங்க. நடவுக்குப் போற அக்காவும், காலேஜ் போற பொண்ணும் மழை நாள்ல வீடு வந்து சேர்றது பளபளப்பால இல்லை, பட்டனாலதான்.